பெருநாளும் தீபாவளியும் ஒன்றாய் வந்த வருடம்

அந்த யோசனை எனக்குப் பொறி தட்டியபோது என் வாய் நிறையத் தோசை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காவின் கல்யாணத்துக்கு யார் யார் வீட்டுக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைப்பது என்று வீட்டில் நாங்கள் நான்கு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். தூரத்து ஆட்களுக்கு வாட்சாப் போதும். நெருங்கியவர்கள் என்றால் அப்பாவும் அம்மாவும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, சோடியாகப் போய்க் கையில் கொடுக்க வேண்டும். தட்டு வராவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர்கூட மண்டபத்துக்கு வரமாட்டார்.

“சூலியா தெரு மாமாவுக்கு எப்ப போறீங்க?” என்று அக்கா கேட்டாள்.

அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “சின்னவகிட்ட குடுத்து விடு. அவதான் அந்தப் பக்கம் சாப்பிடப் போறாளே.”

“சின்னவ குடுத்தா மாமா வரமாட்டாருப்பா.”

“வராட்டி போகட்டும்லா.”

பினாங்கு சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அந்த மாமா, அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். அவர் தமிழ் முஸ்லிம், நாங்கள் இந்து. ரத்த உறவு ஒன்றுமில்லை. ஆனால் அக்கா பிறந்த அன்று அப்பா ஷிப்டில் இருந்தார். அம்மாவைக் காடியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது மாமாதான். அப்பாவுக்கு முன்னாலேயே அக்காவின் முகத்தைப் பார்த்தவர். அந்த இருவரும் ஏறக்குறைய இருபது வருடமாகப் பேசுவதில்லை. அக்காவும் நானும் போவோம், சாப்பிடுவோம், அரட்டை அடிப்போம். அப்பா மட்டும் சூலியா தெருவில் நடக்க நேர்ந்தால், மாமாவின் கடைக்கு இரண்டு கடை முன்னாலேயே எதிர்ப்பக்கத்து அஞ்சடி நடைபாதைக்குத் தாண்டிவிடுவார்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். “மாமா இல்லாத மேடையில நான் எப்படிப்பா சிரிச்சிக்கிட்டு உக்கார்றது?”

“அவன் என்ன பண்ணான்னு உனக்குத் தெரியுமா?” அப்பாவின் குரல் உயர்ந்தது. “தீபாவளியும் ராயாப் பெருநாளும் ஒண்ணா வந்துச்சே, அந்த வருஷம். எனக்கு வேல போயி வீட்டுல கெடக்கேன். தீபாவளிக்கு வருவான் வருவான்னு கேட்டையே பாத்துக்கிட்டு இருக்கேன். வரல. அதுக்கப்புறம் புதுக் கடை தொறந்தான். நான் போகல. ஏன் போகணும்?”

“மாமா வேற மாதிரில்ல சொல்றாரு. கடை தொறப்புக்கு நீங்க வரல. அதனாலதான் அவரு தீபாவளிக்கு வரலியாம்.”

“அவனுக்கு வயசாச்சு. மறந்திருப்பான்.”

“உங்களுக்கும் அதே வயசுதாம்ப்பா,” என்றேன்.

சொல்லி முடித்த கணத்தில் மெல்லுவதை நிறுத்தினேன். யாரும் எதையும் மறக்கவில்லையே! அவர் வராத தீபாவளி இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. இவர் போகாத கடை திறப்பும் இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது. எது முதலில் நடந்தது என்பதில் மட்டும்தான் சண்டை. அதிலும் ஒவ்வொருவரும் மற்றவரின் குற்றத்தை முன்னால் வைத்து, தன்னுடையதை அதற்குப் பதிலாகப் பின்னால் வைத்திருக்கிறார்.

புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு இதுதான் வேலை. இயந்திரம் நின்றுபோனால் எது முதலில் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். “மொதல்ல சத்தம், அப்புறம் கருகுன வாடை” என்பார் ஒருவர். “வாடதான் மொதல்ல” என்று பக்கத்திலிருப்பவர் சத்தியம் செய்வார். அங்கே நான் இயந்திரத்திடமே கேட்டுக்கொள்ளலாம். இங்கே நின்றுபோயிருப்பது இரண்டு மனிதர்களின் நட்பு.

“இத நான் கண்டுபிடிக்கிறேன்,” என்று எச்சில் கையோடு எழுந்து நின்று அறிவித்தேன்.

“மொதல்ல தோசைய முடி,” என்றார் அம்மா.

அந்த வாரம் முழுக்க நான் யாரையும் விடவில்லை. கேன்டீனில் தட்டோடு வந்து உட்கார்ந்தவர்களிடமெல்லாம் கேட்டேன்: வீடு வாங்கியது முதலிலா, பிள்ளை பிறந்தது முதலிலா? எந்த வருடம் என்று கேட்டால் எல்லோரும் விழித்தார்கள். எது முந்தி என்று கேட்டால் எங்கேயோ ஒரு கொக்கியைத் தேடிப் பிடித்து, அதில் மாட்டிச் சொன்னார்கள். அசெம்ப்ளி பகுதியில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு யூனிபார்ம்தான் கொக்கி. “ஊதா யூனிபார்ம்ல மூத்தவன் பொறந்தான். பச்சைக்கு மாத்துனாங்க, மாமியார் போயிட்டாங்க. இந்தச் சாம்பல் கலர் வந்ததுலேருந்து நிம்மதி,” என்று ஒரு மூச்சில் தன் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு மீனில் முள் எடுக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அம்மாவுக்கு எல்லாமே எங்கள் வகுப்புக் கணக்கு: அக்கா மூன்றாம் ஆண்டு படிக்கும்போது, சின்னவள் பாலர் பள்ளிக்குப் போகும்போது. அப்பாவுக்குக் காடிகள், சிவப்பு வேனுக்கு முன், சிவப்பு வேனுக்குப் பின். எனக்கோ, வெட்கம்தான், கைத்தொலைபேசிகள். எந்தப் போனில் அழுதேன் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே பினாங்குக்காரர்களிடம் இன்னொரு பெரிய கொக்கி உண்டு: பண்டிகைகள். எங்கள் ஊரில் நான்கு நாள்காட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகின்றன. ராயா வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பின்வாங்கி நடக்கிறது. தீபாவளி கொஞ்சம் முன்னே பின்னே ஆடுகிறது. தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சில வருடம் தோளோடு தோள் உரசுகின்றன. “சீனப் பெருநாளுக்கும் தைப்பூசத்துக்கும் நடுவுல” என்று ஒருவர் சொன்னால் இங்கே யாரும் திருப்பிக் கேட்பதில்லை. தன்னுடைய பண்டிகையோடு அடுத்தவருடைய பண்டிகையையும் வைத்துத் தன் வாழ்க்கையை அடுக்கிக்கொள்ளும் ஊரில் நான் பிறந்திருக்கிறேன். அந்த வாரம் பினாங்குப் பாலத்தில் மோட்டாரில் போகும்போதெல்லாம் அந்தப் பெருமையில் ஹெல்மெட்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை, மதியக் கூட்டம் கலைந்த பிறகு மாமாவின் கடைக்குப் போனேன்.

“வாங்க இன்ஜினியர் அம்மா,” என்றார் கல்லாவிலிருந்து. “சோறா, விசாரணையா?”

அக்கா முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருக்கிறாள். “ரெண்டும்தான் மாமா.”

“அப்ப மீன் தல சாப்பிடு. கேள்வி கேக்கத் தெம்பு வேணும்.”

மாமாவின் கொக்கிகள் கடைகள். தள்ளுவண்டிக் காலம், ஒரு கதவுக் கடைக் காலம், இப்போதிருக்கும் இரண்டு கதவுக் கடைக் காலம். மூத்த மகள் தள்ளுவண்டிக் காலத்தில் பிறந்தவளாம், கடைசி மகன் ஒரு கதவுக் காலத்தில். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

“இந்தக் கடைய எப்ப தொறந்தீங்க மாமா?”

“தீபாவளியும் பெருநாளும் ஒண்ணா வந்த வருஷம். அதுல மாத்தமே இல்ல.”

“பெருநாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “நோன்பு மாசத்துல எவனாச்சும் புதுசா சோத்துக் கடை தொறப்பானாம்மா? பெருநாள் முடிஞ்சு ஒரு வெள்ளிக்கெழம, ஜும்மா தொழுதுட்டு வந்து தொறந்தோம். உங்க அப்பன் வரணும்னு ஓதறதயே நிறுத்தி வச்சேன். ஓதறவரு மணியப் பாக்குறாரு, என்னப் பாக்குறாரு, திரும்ப மணியப் பாக்குறாரு. அவன் வரல. அந்தக் கோவத்துலதான் தீபாவளிக்கு நான் அவன் வீட்டு வாசப்படி ஏறல.”

என் மூளை படபடவென்று ஓடியது. இரண்டு பண்டிகையும் ஒன்றாக வந்த வருடத்தில் தீபாவளிதான் முதலில் வந்தது. அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ராயா. கடை திறந்தது ராயாவுக்குப் பிறகு. அப்படியானால் அந்தத் தீபாவளி கடை திறப்புக்கு முன்னாலேயே முடிந்துவிட்டதே! இனிமேல் நடக்கப்போகும் ஒன்றுக்காக ஒருவர் எப்படி முன்கூட்டியே கோபித்துக்கொள்வார்?

மாமாவிடம் அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. வேறொன்றைச் சொன்னேன்.

“அந்தத் தீபாவளிக்கு அப்பாவுக்கு வேல போயிருந்துச்சாம் மாமா. வீட்டுலயேதான் இருந்தாராம்.”

கல்லாவை மூடப்போன கை நின்றது. “வேல போச்சா?”

“ஃபேக்டரிய மூடிட்டாங்களாம்.”

“அடுத்த தைப்பூசத்துல பாக்குறப்ப வேற கம்பெனி சட்ட போட்டிருந்தான். மாறிட்டான்னு நெனச்சேன்.” கல்லாவைச் சாத்தினார். “எனக்கு யாருமே சொல்லலியே.”

நான் கேட்காமலேயே என் தட்டில் ஒரு முட்டை வந்து விழுந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் தீர்ப்பைச் சொல்லிவிட்டேன். “அப்பா, நீங்க சொன்னதுதான் சரி! தீபாவளிதான் முந்தி.”

அப்பா தொடையைத் தட்டினார். “பாத்தியா! என் ஞாபகம்னா கல்வெட்டுலா.” அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார், யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்த டிவியிடமும் ஒருமுறை சொன்னார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், அக்காவின் முகத்தைப் பார்க்கும்வரை.

“ரொம்பத் தேங்க்ஸ்,” என்றாள் அவள். “இனிமே அப்பா போகவே மாட்டாரு.”

அவள் அறைக்குள் போய்விட்டாள். சுமுகமாக்கப் போன நான், மூடியிருந்த கதவுக்குப் பூட்டும் போட்டுவிட்டு வந்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை பாலத்தில் நெரிசல். மோட்டாரை உருட்டிக்கொண்டு போகும்போது, எங்கிருந்தோ ஒரு மாலைநேரம் ஞாபகத்தில் வந்து நின்றது. எங்கள் வீட்டு வரவேற்பறை. வெளியே பட்டாசு. மாமா ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ரேடியோவில் பாங்கு சொல்வதற்காகக் காத்திருக்கிறார். முன்னால் அம்மா சுட்ட முறுக்கு. நோன்பு திறந்ததும் பையிலிருந்து ஒரு காகிதத்தை விரித்து, அதில் வண்ணத்தில் எழுதியிருந்ததை என்னிடம் காட்டி, “படி பாப்போம்,” என்கிறார். புதுக் கடைக்கு வைக்கப்போகும் பெயர்ப்பலகையின் படம் அது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அக்கா முந்திக்கொண்டு படித்துவிட்டாள். நான் ஓவென்று அழுதேன்.

தீபாவளி அன்று நோன்பு! இரண்டு பண்டிகையும் ஒட்டி வந்தால்தானே அது நடக்கும்? அதே வருடத்தில்தானே மாமா தீபாவளிக்கு வரவில்லை என்கிறார்கள்? ஒரே தீபாவளிக்கு ஒரு மனிதர் வந்தும் வராமலும் இருக்க முடியாது.

வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து போனில் பழைய நாள்காட்டிகளைத் தேடினேன். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இரண்டும் ஒன்றாய் வந்தது ஒரு வருடம் இல்லை. தொடர்ந்து மூன்று வருடம்! மூன்றிலும் முதலில் தீபாவளி, ஒட்டினாற்போல் ராயா. அதற்கடுத்த வருடம்தான் ராயா தீபாவளியைத் தாண்டி முன்னால் போய்விட்டது. அந்த மூன்று வருடத்தையும் ஊரே சேர்த்து மடித்து, “அந்த வருஷம்” என்று ஒரே மடிப்பாக வைத்திருக்கிறது. எங்களைப்போல் இரண்டு பண்டிகையையும் கொண்டாடித் திரிபவர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு தப்பு வரும்.

மிச்சமிருந்ததை அடுக்குவதற்கு என்னிடமே கொக்கி இருந்தது. படிக்கத் தெரியாமல் அழுதேன் என்றால் அது பாலர் பள்ளி வருடம், மூன்றில் முதலாவது. அப்போது கடைக்குப் பெயர்ப்பலகை தயாராகிக்கொண்டிருந்தது; ஆகவே கடை திறந்தது அந்த ராயாவுக்குப் பிறகு. அப்பாவுக்கு வேலை போனது? அதுவும் எனக்குத் தெரியும். அடுத்த வருடம், முதலாம் ஆண்டு முடிவில் பள்ளியில் எனக்கு வாசிப்புக்காகப் பரிசு கொடுத்தார்கள். பட்டப்பகலில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மற்ற பிள்ளைகளின் அப்பாக்கள் யாரும் வராத நேரத்தில் என் அப்பா மட்டும் வந்திருக்கிறார் என்று மேடையில் நான் எவ்வளவு பெருமையாக நின்றேன்! வேலை இல்லாததால்தான் அந்த மனிதர் அங்கே வந்து உட்கார முடிந்தது என்பது கேன்டீனில்தான் எனக்கு உறைத்தது. ஆக, அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது இரண்டாவது வருடத் தீபாவளி.

முதலில் கடை திறப்பு. அப்பா போகவில்லை. அடுத்த வருடம் தீபாவளி. மாமா வரவில்லை.

சாயங்காலம் அம்மாவைச் சமையலறையில் மடக்கினேன். “கடை தொறந்த அன்னைக்கு அப்பா ஏம்மா போகல?”

“ஓவர்டைம் இருந்துச்சு. ‘கடை எங்க ஓடிடப் போவுது, அப்புறம் போய்க்கலாம்’னாரு.” அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார். “அப்புறம் போகவே இல்ல.”

“இத்தன நாள் ஏன் சொல்லல?”

“எது முந்தி எது பிந்தின்னு எனக்கு மட்டும் தெரியுமா? அதுவும் இல்லாம, அவரு கத்துறப்ப நடுவுல எங்க பேசுறது?”

அப்பா வெளியே காடியின் முன்மூடியைத் திறந்து வைத்து எதையோ திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“நேத்துதான் நான் சரின்ன?”

“முந்தாநாள்ப்பா. அப்ப எனக்குத் தெரியாது.”

அவர் விடவில்லை. தொழிற்சாலையில் என் மேலதிகாரி கேட்பதைவிடக் கடுமையாகக் கேட்டார். அந்தப் பலகைப் படம் வேறு ஏதாவது கடைக்காக இருந்தால்? நீ அழுதது வேறு விருந்தாளி முன்னால் என்றால்? பரிசு வாங்கியது இரண்டாம் ஆண்டில் என்றால்? ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் கேள்வி தீர்ந்துபோனது. அவர் கையிலிருந்த திருப்புளி மட்டும் ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு திருகாணியைத் திரும்பத் திரும்ப இறுக்கியது.

“எனக்காக ஓதறதயே நிறுத்தி வச்சானாமா?”

“ஓதறவரு மணியப் பாத்துக்கிட்டே இருந்தாராம்.”

அப்பா முன்மூடியைச் சாத்தினார். துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். “அம்மாகிட்ட சொல்லு, நாளைக்குத் தட்டு எடுத்து வைக்கட்டும்.”

எங்கள் தொழிற்சாலையில் ஒரு தப்பான அறிக்கையைத் திருத்த வைப்பதற்கு நான் எத்தனை பேரிடம் மோதியிருக்கிறேன்! தான் எழுதிய ஒரு வரியை மாற்ற முகம் சுளிக்கிறவர்கள் அவர்கள். என் அப்பா இருபது வருடம் சொல்லிவந்த ஒரு கதையை, மகள் சொன்ன கணக்கைச் சோதித்துப் பார்த்து, சரி என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு விட்டுவிட்டார். அவருடைய மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

மறுநாள் நான்தான் காடி ஓட்டினேன். பின்னால் அம்மாவின் மடியில் தட்டு. சூலியா தெருவில் இறங்கியதும் அப்பா எதிர்ப்பக்கத்து அஞ்சடிக்குப் போகவில்லை. தட்டை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு நேராகக் கடைக்குள் நடந்தார்.

மாமா கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். கடையில் நான்கைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“என்னடா இது, தட்டோட வந்து நிக்கிற? பொண்ணு கேக்கவா?”

“கடை தொறப்புக்கு வந்தேன்,” என்றார் அப்பா. “கொஞ்சம் லேட்டு.”

மாமாவின் முகம் என்னென்னவோ ஆனது. சிரிப்பா அழுகையா என்று அதுவே முடிவு செய்யாமல் தடுமாறியது. பிறகு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். “ரோட்டுல ஜாம் ஜாஸ்தியோ?” என்றார். அப்பாவின் தோளைப் பிடித்தார். “வேல போனத ஏன்டா எங்கிட்ட சொல்லல? ஒரு போன் பண்ணக்கூடாதா? கடைக்குள்ள நீ பாட்டுக்கு வந்து உக்காந்திருந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்?”

“எப்படிடா சொல்றது? ஒன் கடைக்கே வராதவன்.”

“அது சரி. அது சரி.” தட்டை இரண்டு கையாலும் வாங்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் காட்டினார். “எம்மவளுக்குக் கல்யாணம்! எல்லாரும் பாத்துக்குங்க, மொத முகம் பாத்தவன் நான்தான்!”

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நான் போனில் அக்காவை அழைத்து, ஒன்றும் பேசாமல், அந்தச் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டேன்.

என் கண்டுபிடிப்பை மாமா ஏற்றுக்கொண்டார் என்று நினைத்தால் தப்பு. “மூணு வருஷமாவது ஒண்ணாவது! ஒரே வருஷந்தாம்மா,” என்று இன்றும் அடித்துச் சொல்கிறார். அப்பாவோ அடுத்தடுத்த வீடுகளில் பத்திரிகை வைக்கும்போது கதையைப் புது வரிசையில் சொல்லத் தொடங்கிவிட்டார். முதல் வீட்டில் அன்றைக்கு ஓவர்டைம் இருந்தது. இரண்டாவது வீட்டில் இயந்திரம் ஒன்று பழுதாகி அவரைப் போகவிடவில்லை. பாலிக் புலாவில் சித்தப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்த இயந்திரம் தீப்பிடித்து எரிந்துவிட்டது. நான் குறுக்கே பேசவில்லை. கண்ணெதிரே ஒரு நினைவு தன் காரணத்தைத் தேடி வளர்கிறது. அதைப் பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!

கல்யாணம் அடுத்த மாதம். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்பது தன் பொறுப்பு என்று மாமா அறிவித்துவிட்டார். கல்யாணம் முடிந்த மறுநாளே அவரையும் அப்பாவையும் தனித்தனியாக உட்கார வைத்து, கல்யாணத்தில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று சொல்லச்சொல்லிப் போனில் பதிவு செய்யப்போகிறேன். அடுத்த தீபாவளி கழித்து மறுபடியும் கேட்பேன். வரிசை எங்கே நகர்கிறது, யாருக்கு நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே ஒரு சிக்கல். “மொதல்ல என்னைக் கேளு. அவன் நான் சொன்னதக் கேட்டுட்டு மாத்திச் சொல்லுவான்,” என்கிறார் அப்பா. மாமாவும் எழுத்துப் பிசகாமல் அதையேதான் சொல்கிறார். அதனால் ஒரே நேரத்தில் இரண்டு அறையில் இரண்டு போன். ஒன்றை நான் பிடிப்பேன். இன்னொன்றைப் புதிதாக வரப்போகும் அத்தானிடம் கொடுக்கப்போகிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.